எழுபது கிலோ சேஸிஸை ரேக்கில் ஏற்றும்போது யார் கை எங்கே இருக்க வேண்டும்

மூன்று பேர் சேர்ந்து எழுபது கிலோ சேஸிஸைத் (கார்டுகள் சொருகும் தொலைத்தொடர்புக் கருவியின் உலோகக் கூட்டை) தூக்கி, கருவிகளை அடுக்கி மாட்டும் இரும்புச் சட்டமான ரேக்குக்குள் பாதி நுழைத்தாகிவிட்டது, அப்போதுதான் தெரிகிறது சேஸிஸின் காதில் (ஸ்க்ரூ போடுவதற்காகப் பக்கவாட்டில் நீளும் தகட்டில்) இருக்கிற துளையும் ரேக்கின் துளையும் ஒன்றோடொன்று சேரவில்லை என்று. அடியில் தாங்கும் ஷெல்ஃபை நான்தான் ஒரு துளை தள்ளிப் பூட்டியிருந்தேன். ஒரே ஒரு துளை! அதற்காகப் பாரத்தை வெளியே இழுத்துத் தரையில் இறக்கி, ஷெல்ஃபைக் கழற்றிப் பூட்டி, மறுபடியும் தூக்க வேண்டியதாயிற்று. இறக்கும்போது ஒருவருடைய விரல் அடியில் மாட்டிக்கொண்டது, நகம் கறுத்ததோடு போயிற்று, எலும்பு தப்பியது.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். வேலையின் ஒவ்வொரு கட்டத்திலும் "இந்த நொடியில் பாரம் எதன் மேல் இருக்கிறது?" என்று வாய்விட்டே கேட்பேன். கையிலா, லிஃப்டிலா, ஷெல்ஃபிலா, ஸ்க்ரூவிலா? பதில் தெரியவில்லை என்றால் யாரும் கையை எடுக்கக் கூடாது. கீழே நான் எழுதுவதெல்லாம் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான், மின்சாரப் பகுதி வந்ததும் "கரண்ட் இப்போது எங்கே இருக்கிறது?" என்று அது மாறிவிடும், அவ்வளவே.

ரேக்கை முதலில் பாருங்கள்

பெட்டியைப் பிரிக்க அவசரப்பட வேண்டாம். ரேக் என்ன ரகம் என்று டேப் பிடித்து அளந்து பாருங்கள். 19 அங்குல ரேக் என்றால் கருவியின் முன்பலகை அகலம் 482.6 மி.மீ., இடது வலது துளைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு சுமார் 465 மி.மீ. தொலைத்தொடர்பு அறைகளில் 23 அங்குல ரேக்கும் உண்டு, ஐரோப்பிய வழக்கப்படியான 21 அங்குல ரேக்கும் உண்டு. அவற்றில் 19 அங்குலக் கருவியை மாட்ட நீட்டிப்புக் காதுகள் தேவைப்படும், அவை பெட்டியோடு வந்திருக்கின்றனவா என்பதை இப்போதே பார்த்துவிட வேண்டும், சேஸிஸைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தேடக் கூடாது.

அப்புறம் உயரக் கணக்கு. 1யூ என்பது 44.45 மி.மீ. ஒவ்வொரு யூவிலும் மூன்று துளைகள், ஆனால் அவை சம இடைவெளியில் இல்லை, ஆரம்பத்தில் எல்லோரும் வழுக்குவது இங்கேதான். இடைவெளிகள் 15.9, 15.9, 12.7 என்று மாறி மாறி வரும். அந்த 12.7 மி.மீ. இடைவெளி, அதாவது இரண்டு துளைகள் நெருங்கி நிற்கும் இடம், அதன் நடுவில்தான் ஒரு யூ முடிந்து அடுத்தது தொடங்குகிறது. கண்ணை ரேக் தூணுக்கு நேராகக் கொண்டுபோய் அந்த நெருக்கமான ஜோடியைத் தேடுங்கள், அங்கே மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள், முன்தூண் இரண்டிலும் பின்தூண் இரண்டிலும். ரேக்கில் அச்சடித்த எண்களை நம்பலாம்தான், ஆனால் சில ரேக்குகளில் எண் கீழிருந்து ஏறும், சிலவற்றில் மேலிருந்து இறங்கும். முன்பக்கம் ஒருவரும் பின்பக்கம் ஒருவரும் நின்று ஆளுக்கொரு திசையில் எண்ணி, ஷெல்ஃப் சாய்வாக வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ரேக் தரையோடு பிணைக்கப்பட்டிருக்கிறதா? இரண்டு தூண் ரேக் என்றால் இதில் பேச்சுக்கே இடமில்லை, நங்கூர போல்ட் போடாத இரண்டு தூண் ரேக்கில் ஒரு ஸ்விட்சைக் கூட மாட்டக் கூடாது. நான்கு தூண் கேபினெட் என்றால் சக்கரத்தின் மேல் நிற்கிறதா, மட்டப்படுத்தும் கால்களின் மேல் நிற்கிறதா என்று குனிந்து பாருங்கள். சக்கரத்தின் மேல் என்றால் கால்களை இறக்கி, ரசமட்டம் வைத்து, நான்கு காலும் தரையைத் தொடும்வரை திருகுங்கள். தரையில் புதிதாகத் துளை போட்டு நங்கூரம் அடிப்பவர்கள் துளைக்குள் இருக்கும் கான்கிரீட் தூளை ஊதி, பிரஷ் போட்டு, மறுபடி ஊதி எடுத்துவிடுங்கள். தூள் மிஞ்சினால் நங்கூரம் கான்கிரீட்டைப் பிடிக்காது, தூளைத்தான் பிடிக்கும், இறுக்கும்போது நன்றாகத்தான் இருக்கும், பாரம் ஏறிய பிறகு கழன்று வரும். சில இடங்களில் ரேக்கைத் தரையிலிருந்து மின்காப்பு செய்து நிறுத்தச் சொல்வார்கள், அதற்கான தகடும் குழலும் தனியாக வரும், போல்ட் அடிப்பதற்கு முன் தள வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

உயர்த்திய தளம் என்றால் இன்னொன்று. கேபிள் இழுப்பதற்காக வரிசையாக ஓடுகளைக் கழற்றி வைத்திருப்பார்கள். பக்கத்து ஓடுகளின் பிடிமானமும் அதோடு போய்விடும். லிஃப்டைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் போகாதீர்கள்.

பாரத்தைக் குறைத்துவிட்டுத் தூக்குங்கள்

கனமானது கீழே, இலேசானது மேலே. இது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் "பின்னால் வருகிற கருவிக்குக் கீழே இடம் விட்டு வையுங்கள்" என்று யாராவது சொல்வார்கள், நாமும் கனமான சேஸிஸை மேலே ஏற்றிவிட்டு வருவோம். வேண்டாம். காலி ரேக்கில் மேலே கனம் ஏறினால் அதன் பிறகு யார் கதவைத் திறந்து சாய்ந்தாலும் ஆபத்துதான்.

சேஸிஸின் எடையைக் கையேட்டில் பாருங்கள், அதில் இரண்டு எண் இருக்கும், வெறும் கூட்டின் எடை, எல்லாம் சொருகிய பிறகு உள்ள எடை. இரண்டுக்கும் நடுவே இரண்டு மடங்கு வித்தியாசம் வருவது சாதாரணம். ஆகவே லைன் கார்டு (கேபிள்கள் வந்து சேரும் சர்க்யூட் பலகை), பவர் சப்ளை, ஃபேன் ட்ரே எல்லாவற்றையும் கழற்றி எடுத்து நிலைமின் தடுப்புப் பைக்குள் போட்டு, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்காமல் ஓரமாக வைத்துவிட்டு, வெறும் கூட்டைத் தூக்குங்கள். கழற்றும்போது எது எந்த ஸ்லாட்டில் இருந்தது என்று ஒரு ஃபோட்டோ. சில சேஸிஸ்களில் ஃபேன் ட்ரே கழன்றால் உடம்பு லேசாக நெளியும், கழற்றக் கூடாது என்று கையேடே சொல்லும், அப்படி இருந்தால் அதன் பேச்சைக் கேளுங்கள்.

ஒரு ஆள் எவ்வளவு தூக்கலாம்? அமெரிக்காவின் நையோஷ் அமைப்பு தூக்கும் வேலைக்குத் தந்த கணக்கில், எல்லாம் சாதகமாக இருந்தால்தான் 23 கிலோ. பாரம் உடம்பை விட்டுத் தள்ளியிருந்தால், இடுப்பைத் திருப்ப வேண்டியிருந்தால் அது மளமளவென்று குறையும். ரேக்குக்குள் நுழைக்கும் வேலையில் இரண்டுமே உண்டு. ஆகவே 50 கிலோவைத் தாண்டினால் என் வழக்கம் லிஃப்ட்தான், மேடை ஏறி இறங்கும் கையால் சுற்றும் லிஃப்ட் போதும். ஆள் கிடைக்கிறார்களே என்று நான்கு பேர் தூக்குவது தைரியமாகத் தெரியும், ஆனால் ரேக்கின் வாய் அகலம் அரை மீட்டர்தான், அதற்கு முன்னால் நான்கு பேர் நிற்க இடமே கிடையாது என்பது தூக்கிய பிறகுதான் உறைக்கும்.

எங்கே பிடிப்பது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். பவர் சப்ளையின் கைப்பிடி, ஃபேன் ட்ரேயின் கைப்பிடி, கார்டுகளின் நெம்பு காதுகள் இவையெல்லாம் பிடிப்பதற்கு வாகாக இருக்கும், ஆனால் அவை அந்தந்தப் பாகத்தை இழுப்பதற்கு மட்டுமே, மொத்த சேஸிஸைத் தூக்குவதற்கு அல்ல. பிடித்துத் தூக்கினால் பாகம் கையோடு வந்துவிடும், சேஸிஸ் கால்மேல் வரும். பக்கவாட்டில் இருக்கும் கைப்பிடிகள்கூடச் சில மாடல்களில் நகர்த்தி ஒழுங்குபடுத்த மட்டுமே. அடியில் கைகொடுத்துத் தூக்குவதுதான் எப்போதும் சரி, வைக்கும்போது மட்டும் விரல்கள் ஓரத்துக்கு வந்திருக்க வேண்டும்.

குளிர்ந்த வண்டியிலிருந்தோ கிடங்கிலிருந்தோ வந்த பெட்டி என்றால் பிரிக்காமல் சில மணி நேரம் அறையிலேயே விடுங்கள். உடனே பிரித்தால் குளிர்ந்த உலோகத்தின் மேல் ஈரம் பூத்துவிடும், கண்ணுக்குத் தெரியாமல், கார்டுகள் போய்ச் சொருகும் பின்பலகையான பேக்பிளேனிலும்தான். பெட்டியின் மேல் அதிர்ச்சி காட்டும் ஸ்டிக்கர் சிவந்திருந்தால் பிரிக்கும் முன்னே படம் எடுத்து, டெலிவரி ரசீதிலும் எழுதிவிடுங்கள்.

ஏற்றும் நேரம்

முதலில் ஷெல்ஃப் அல்லது எல் வடிவத் தாங்கி. இதுதான் பாரத்தைச் சுமக்கப் போகிறது, முன்பக்கக் காதில் போடுகிற ஸ்க்ரூக்கள் சேஸிஸ் முன்னால் நழுவாமல் பிடித்து வைக்க மட்டும்தான். தாங்கி இல்லாமல் காது ஸ்க்ரூவிலேயே தொங்கவிட்ட சேஸிஸ்களைப் பார்த்திருக்கிறேன், ஒரு வருடத்தில் பின்பக்கம் தொங்கி, காது வளைந்து, மேலே உள்ள கார்டு சொருகவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

சதுரத் துளை ரேக் என்றால் கேஜ் நட், அதாவது துளைக்குள் மாட்டிக்கொள்ளும் கூண்டோடு வரும் நட். தூணின் உள்பக்கத்திலிருந்து போட வேண்டும், ஒரு காதை முதலில் ஓரத்தில் மாட்டி, இன்னொன்றை அதற்கான கொக்கியால் இழுத்தால் 'டக்' என்று உட்காரும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி விரலைக் கிழித்துக்கொள்ளாதவர் இந்தத் தொழிலில் இல்லை, கொக்கிக் கருவி ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு நட் மட்டும் பாதி உட்கார்ந்திருந்தாலும் ஸ்க்ரூ இறுக்கும்போது சேர்ந்து சுற்றும், பின்னால் கைவிட முடியாத இடத்தில்தான் அது நடக்கும். நட்டின் மரையும் ஸ்க்ரூவின் மரையும் ஒரே ரகமா என்பதையும் பாருங்கள். எம்6 ஸ்க்ரூவும் 12-24 ஸ்க்ரூவும் ஒரே டப்பாவில் கலந்து கிடக்கும், கண்ணுக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், மாற்றிப் போட்டால் இரண்டு சுற்றுக்குப் பிறகு மாட்டிக்கொண்டு மரை போய்விடும்.

தாங்கி பூட்டியதும் ரசமட்டத்தைக் குறுக்கே ஒரு தடவை, முன்பின்னாக ஒரு தடவை வைத்துப் பாருங்கள். அப்புறம் கையால் அழுத்திப் பாருங்கள். கையால் என்றால் பாதி உடம்பின் எடையைப் போட்டு. கிறீச்சிட்டால் இப்போதே கிறீச்சிடட்டும்.

இனித் தூக்கலாம். ஒருவர் மட்டும் பேச வேண்டும். மற்றவர்கள் "ம்" சொன்னால் போதும். லிஃப்ட் மேடையைத் தாங்கியின் மட்டத்துக்கு ஒரு விரல் அகலம் மேலே கொண்டுவந்து, பிரேக் போட்டு, சேஸிஸை ரேக்குக்குள் தள்ளுங்கள், பாதிக்கு மேல் தாங்கியில் உட்காரும்வரை மேடையை இறக்க வேண்டாம். பின்பக்கம் நிற்பவர் இழுக்கக் கூடாது, கேபிள்களை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு எங்கே இடிக்கிறது என்று சொல்வதுதான் அவர் வேலை. முழுவதும் உள்ளே போனதும் அந்தக் கேள்வியைக் கேளுங்கள், பாரம் எதன் மேல்? "தாங்கி மேல்" என்று இரண்டு பக்கத்திலிருந்தும் பதில் வந்த பிறகுதான் கையை எடுப்பது.

ஸ்க்ரூ போடும்போது கீழ்த் துளைகளில் தொடங்குங்கள். எல்லா ஸ்க்ரூவையும் விரலால் இரண்டு மூன்று சுற்று ஏற்றிவிட்டு, எல்லாம் ஏறுகின்றன என்று தெரிந்த பிறகு இறுக்குங்கள். முதல் சுற்றுக்கே மோட்டார் டிரைவரை வைக்காதீர்கள், கோணலாக ஏறினாலும் அது தயங்காமல் உள்ளே திணித்துவிடும். கடைசி இறுக்கத்துக்குக் கையேட்டில் நியூட்டன் மீட்டர் கணக்கு இருக்கும், டார்க் ரெஞ்ச் இருக்கிறவர்கள் அதையே பின்பற்றலாம்.

காற்று எந்தப் பக்கம் போகிறது என்பதையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். முன்னிருந்து பின் என்றால் பிரச்சினை குறைவு. பக்கவாட்டுக் காற்றோட்டம் உள்ள சேஸிஸ்களை அடுத்தடுத்த ரேக்கில் வைத்தால் ஒன்று விடும் சூட்டை இன்னொன்று மூச்சாக இழுக்கும், மூன்றாவது ரேக்கில் இருப்பது பாவம். பல தொலைத்தொடர்புக் கருவிகளுக்கு நீண்ட நேர இயக்கத்தில் 40 டிகிரி செல்சியஸ்தான் மேல் வரம்பு, அது அறையின் வெப்பம் அல்ல, கருவி இழுக்கும் காற்றின் வெப்பம். காலி ஸ்லாட்டுகளுக்கு மூடித் தகடு போடுங்கள். திறந்து கிடந்தால் காற்று எளிதான வழியாக வெளியே ஓடிவிடும், கார்டின் மேல் போகாது.

எர்த் முதலில், எர்த் கடைசியில்

மாட்டும்போது முதலில் இணைப்பது எர்த், கழற்றும்போது கடைசியில் பிரிப்பது எர்த். பவர் கேபிள் வந்துவிட்டது, எர்த் லக் (கம்பியின் நுனியில் பூட்டும் துளையுள்ள உலோக முனை) இன்னும் வரவில்லை, "போட்டுப் பார்ப்போமே" என்று யாராவது சொன்னால் டீ குடிக்கப் போய்விடுங்கள்.

இரண்டு துளை லக்தான் நல்லது, ஒரு துளை லக் நாளடைவில் சுழன்று தளர்ந்துவிடும். கம்பியின் உறையை லக்கின் குழல் நீளத்துக்குச் சரியாக உரித்து, பார்வைத் துளை வழியே செம்பு தெரிகிறதா என்று பார்த்து, அந்த லக்குக்கான அச்சில் வைத்து அழுத்தி இறுக்குங்கள், அதாவது கிரிம்ப் செய்யுங்கள். குறட்டால் நசுக்கியது கிரிம்ப் ஆகாது. செய்து முடித்ததும் பலமாக இழுத்துப் பாருங்கள். லக் உட்காரும் இடத்தில் பெயிண்ட் இருந்தால் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, துருத்தடுப்புப் பசை ஒரு மெல்லிய பூச்சுப் போட்டு, பல் வாஷரோடு இறுக்குங்கள். ரேக்கில் ஸ்க்ரூ போட்டாயிற்றே, அதுவே எர்த் ஆகிவிடுமே என்பவர்களுக்கு, அந்த ஸ்க்ரூவுக்கும் ரேக்குக்கும் நடுவே பவுடர் பெயிண்ட் இருக்கிறது.

48 வோல்ட்தானே என்று நினைக்கிறவர்களுக்கு

தொலைத்தொடர்பு அறைகளில் வழக்கமான மின்சாரம் மைனஸ் 48 வோல்ட் டிசி, அதாவது பாசிட்டிவ் பக்கம் எர்த்தோடு இருக்கும். பின்னால் இருப்பது 24 லெட் ஆசிட் செல்கள் கொண்ட பேட்டரி வரிசை என்றால் சார்ஜர் ஓடும்போது 54 வோல்ட் வாக்கில் நிற்கும். தொட்டால் தூக்கி அடிக்காது என்பதால் ஆட்களுக்கு இதன் மேல் மரியாதை குறைவு. ஆனால் அந்தப் பேட்டரி ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் கொட்டும். மோதிரமோ கைக்கடிகாரமோ ஸ்பானரோ நடுவில் மாட்டினால் அது சிவந்து உருகும், உள்ளே விரல் இருந்தால் அதுவும். நகையைக் கழற்றி வையுங்கள், ஸ்பானரின் தண்டுக்கு மின்காப்பு நாடா சுற்றுங்கள் அல்லது காப்பிட்ட கருவியே வாங்குங்கள்.

கம்பியின் கனத்தைக் குத்துமதிப்பாக எடுக்காதீர்கள். 2,400 வாட் சேஸிஸ் 48 வோல்ட்டில் 50 ஆம்பியர் இழுக்கும், பேட்டரி இறங்கி 40 வோல்ட்டுக்கு வந்தால் அதே வாட்டுக்கு 60 ஆம்பியர். பவர் பெட்டி 20 மீட்டர் தள்ளி இருக்கிறது, 16 சதுர மி.மீ. செம்புக் கம்பி என்று வையுங்கள். போக வர 40 மீட்டர், தடை சுமார் 0.044 ஓம், 50 ஆம்பியரில் 2.2 வோல்ட் வழியிலேயே போய்விடும். மின்சாரம் இருக்கிற நாளில் இது தெரியாது, பேட்டரியில் ஓடும்போது மற்றவை எல்லாம் ஓடிக்கொண்டிருக்க இந்த ஒன்று மட்டும் முன்னதாகவே அணையும்.

இணைக்கும் முன் பிரேக்கரை அணைத்து, பூட்டு மாட்டி, உங்கள் பெயர் எழுதிய அட்டையைத் தொங்கவிடுங்கள். அப்புறம் மல்டிமீட்டரை முதலில் மின்சாரம் இருப்பது தெரிந்த ஓர் இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்த்து, பிறகு உங்கள் கம்பியில் வைத்து, மறுபடியும் அந்தத் தெரிந்த இடத்தில் வையுங்கள். பழுதான மீட்டரும் செத்த கம்பியும் ஒரே மாதிரி பூஜ்யம் காட்டலாம்.

வரிசை: எர்த், அடுத்து ரிட்டர்ன் எனப்படும் பாசிட்டிவ், கடைசியில் மைனஸ் 48. கழற்றும்போது தலைகீழ். கம்பியின் நிறத்தை நம்பாதீர்கள், நாட்டுக்கு நாடு மாறும், ஒரே கட்டடத்தில் மாடிக்கு மாடி மாறியதையும் பார்த்திருக்கிறேன். சேஸிஸ் முனையில் மாட்டும் முன், பவர் சப்ளையை ஸ்லாட்டிலிருந்து வெளியே இழுத்து வைத்துவிட்டு, கம்பியின் முனைகள் எதையும் தொடாமல் பார்த்துக்கொண்டு, பிரேக்கரை ஒரு தடவை போட்டு, மீட்டரின் கறுப்பு முனையை ரிட்டர்னிலும் சிவப்பை மற்றதிலும் வைத்தால் எண்ணுக்கு முன்னால் மைனஸ் குறி வர வேண்டும். வரவில்லை என்றால் கம்பி மாறியிருக்கிறது. பார்த்ததும் மறுபடி அணைத்து, பூட்டி, அப்புறம் இணைப்பு.

ஏ, பி என்று இரண்டு ஃபீட், அதாவது சேஸிஸுக்கு மின்சாரம் வரும் இரண்டு வழிகள், இருக்கும். இரண்டும் ஒரே பிரேக்கர் பெட்டியிலிருந்து வந்தால் பெயருக்குத்தான் இரண்டு. ஏசி மின்சாரத்தில் ஓடும் சேஸிஸ் என்றாலும் இதே கதைதான், இரண்டு மூன்று மின்வடம் இருந்தால் ஒன்றை உருவிவிட்டு செத்துவிட்டது என்று நினைத்துக் கை வைக்கக் கூடாது, எல்லாவற்றையும் உருவ வேண்டும்.

கார்டுகளும் ஃபைபரும்

இப்போது கையில் நிலைமின் பட்டை. அதற்குள் ஒரு மெகா ஓம் தடை இருக்கும். பட்டையை எர்த் ஆன சேஸிஸின் ஜாக்கில் சொருகுங்கள், காற்றில் தொங்கவிட்டுக்கொண்டு அலங்காரமாகக் கட்டுவதில் பயன் இல்லை. உயிருள்ள மின்கம்பிப் பக்கம் போகும்போது மட்டும் கழற்றிவிடுங்கள். கார்டை இரண்டு காதையும் பிடித்து நேராகத் தள்ளி, கனெக்டர் தொடும் இடத்தில் கை லேசாக நிற்கும், அங்கே இரண்டு நெம்பையும் ஒரே நேரத்தில் மடக்குங்கள். நிற்கும் இடம் ரொம்ப முன்னாலேயே வந்தால் அழுத்த வேண்டாம், வெளியே இழுத்து பேக்பிளேன் பின் வளைந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

ஃபைபரில் வரும் 1310, 1550 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. தெரியாது என்பதால் கண் சிமிட்டவும் தோன்றாது. முனைக்குள் எட்டிப் பார்ப்பது வேண்டவே வேண்டாம், பவர் மீட்டர் இருக்கிறது. பயன்படுத்தாத போர்ட்டுகளில் மூடி. வளைவின் ஆரம் 30 மி.மீ.க்குக் குறையாமல் பார்த்துக்கொண்டால் சாதாரண பேட்ச் கார்டுக்கு (இரண்டு முனையிலும் கனெக்டர் உள்ள ஃபைபர் வடத்துக்கு) போதும், ஜிப் டையை ஃபைபர் மேல் போட்டு இறுக்குபவர்களிடமிருந்து அந்த டையைப் பிடுங்கி வெல்க்ரோவைக் கொடுங்கள்.

உயிர் கொடுப்பது

ஏ ஃபீடை மட்டும் போடுங்கள். ஃபேன் எல்லாம் முழு வேகத்தில் இரைந்து, பிறகு அடங்கும், அது சாதாரணம். கருகல் வாசனையோ சடசடப்போ வந்தால் யோசிக்காமல் அணையுங்கள். எல்லாம் எழுந்து வந்த பிறகு பி, அப்புறம் ஏ-வை அணைத்து பி-யில் தனியாக ஓடுகிறதா என்று பார்த்து, திருப்பிப் போட்டு அதையும் பாருங்கள். டிராஃபிக் (வாடிக்கையாளர் தரவு) ஏறுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய சோதனை இது, ஏறிய பிறகு யாரும் அனுமதி தர மாட்டார்கள்.

மின்பாரம் ஏறி ஒரு நாள் ஓடிய பிறகு, வெப்பம் காட்டும் கேமரா இருந்தால் பிரேக்கர் பெட்டியின் முனைகளைப் பாருங்கள். ஒரே மாதிரி பாரம் சுமக்கும் முனைகளில் ஒன்று மட்டும் சூடாகத் தெரிந்தால் அந்த லக் தளர்வு, அந்த ஃபீடை அணைத்துவிட்டு இறுக்குங்கள். லேபிளை இரண்டு முனையிலும் ஒட்டுங்கள். சேஸிஸ் வந்த பெட்டியையும் உள்ளே இருந்த நுரைத் தகடுகளையும் உத்தரவாதக் காலம் முடியும்வரை கிடங்கில் போட்டு வையுங்கள், திருப்பி அனுப்ப நேர்ந்தால் வேறு எந்தப் பெட்டியும் அந்த எடையைத் தாங்காது.